பேரிடர்க் காலத்தில் குழந்தை நல மருத்துவருக்குக் கைகொடுக்கும் மின்னணுக் கருவிகள்: ஒரு மதிப்பீடு

வெள்ளமோ புயலோ தீ விபத்தோ நடந்த சில நாட்களில், நிவாரண முகாமிலிருந்து குழந்தையை அழைத்துக்கொண்டு வரும் தாய் மனநல மருத்துவரைத் தேடிப் போவதில்லை. பையனுக்கு வயிற்றுவலி, இரவில் தூங்குவதில்லை, எப்போதோ நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பிவிட்டது, கழிப்பறைக்குக்கூட என்னை விட்டுத் தனியே போக மறுக்கிறான் என்று சொல்லிக்கொண்டு அவர் வருவது குழந்தை நல மருத்துவரிடம்தான். அந்த மருத்துவர் நிமோனியாவையும் வயிற்றுப்போக்கையும் கையாளப் பல ஆண்டுகள் பயின்றவர். பயந்துபோன குழந்தையிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்பதைக் கற்க அவருக்குக் கிடைத்த நேரமோ மிகக் குறைவு. இந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் செயலிகளும் இணையதளங்களும் தொலைபேசிச் சேவைகளும் கடந்த இருபது ஆண்டுகளில் கணிசமாகப் பெருகிவிட்டன. அவற்றுள் பொறுப்புள்ள பொது நிறுவனங்கள் உருவாக்கி, மருத்துவரிடம் கட்டணம் வாங்காமல் தருபவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் ஒரு குழந்தைக்குச் சில நிமிடங்களுக்கு மேல் ஒதுக்க இயலாத மருத்துவரின் பக்கம் நின்று இங்கே மதிப்பிடுகிறேன். நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: கருவியைத் திறந்து மூடிய பிறகு, அந்தக் குழந்தையிடம் அடுத்துப் பேச வேண்டிய வாக்கியமோ, அடுத்து அழைக்க வேண்டிய மனிதரோ மருத்துவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். மதிப்பெண் ஒன்றைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் கருவி, எவ்வளவு நேர்த்தியாக வடிவமைக்கப்பட்டிருந்தாலும், நெருக்கடி வேளையில் மருத்துவரின் சுமையைக் கூட்டவே செய்கிறது.

முதலில் ஹெல்த்கேர் டூல்பாக்ஸ் என்ற இணையதளம். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையைச் சார்ந்த குழந்தை அதிர்ச்சி அழுத்த மையத்தின் உழைப்பில் உருவானது இது (கொடிய நிகழ்வு ஒன்று மனத்தில் விட்டுச்செல்லும் பாதிப்பையே அதிர்ச்சி அழுத்தம் என்கிறோம்). அந்நாட்டு நாடாளுமன்றம் 2000ஆம் ஆண்டில் ஏற்படுத்திய தேசியக் குழந்தை அதிர்ச்சி அழுத்த வலையமைப்பில் அம்மையமும் ஓர் உறுப்பு. அவசர சிகிச்சைப் பயிற்சி பெற்ற எந்த மருத்துவருக்கும் செவிலியருக்கும் மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என்ற ஏ-பி-சி வரிசை தூக்கத்திலும் மறக்காது. இந்தத் தளம் அதே வரிசையை நீட்டி, டி-இ-எஃப் என்று மூன்று படிகளைச் சேர்க்கிறது: உயிராபத்து நீங்கியபின் முதலில் குழந்தையின் வேதனையைக் குறைப்பது, அடுத்து அதன் மனத்துக்கு ஆதரவு தேடித் தருவது, அதற்கடுத்துக் குடும்பத்தைக் கவனிப்பது. புதிய கோட்பாடு ஒன்றைத் தலையில் ஏற்றாமல், ஏற்கெனவே மனத்தில் பதிந்திருக்கும் வரிசையின் தொடர்ச்சியாக வைத்ததில்தான் இதை வடிவமைத்தவர்களின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது.

வேதனை என்னும் முதற்படி உடல்வலியிலிருந்து தொடங்குகிறது. இப்போது எவ்வளவு வலிக்கிறது, இது நடந்ததிலிருந்து மிக மோசமாக வலித்தது எப்போது என்ற கேள்விகளுக்குப் பிறகே பயத்தையும் கவலையையும் பற்றிய கேள்விகள் வருகின்றன. மனநலக் கருவி என்ற பெயரில் வரும் பலவும் வலியை மறந்துவிடுகின்றன. தீக்காயமுற்ற குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, வலியைப் போதிய மருந்தால் அடக்கியதற்கும் பின்னாளில் அதிர்ச்சி அறிகுறிகள் குறைந்ததற்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியிருப்பதால், இந்த வரிசை காரணத்தோடுதான் அமைந்திருக்கிறது. அடுத்து வரும் கேள்விகளைத் தமிழில் சொல்வதானால், "இந்த மாதிரி நடக்கும்போது சில பிள்ளைங்களுக்குப் பயமா இருக்கும், உனக்கு எது ரொம்பப் பயமா இருந்துச்சு?" என்பதுபோல அமையும். குழந்தையின் பயத்தை முதலிலேயே இயல்பானதாக்கிவிட்டு, அதன்பின் கேட்கும் முறை இது. மூன்றாம் படியில் தாய் தந்தையர் தூங்குகிறார்களா, சாப்பிடுகிறார்களா, அவர்களை யார் தாங்குகிறார்கள் என்று கேட்கச் சொல்கிறது. சிறு குழந்தை தன் பயத்தின் அளவைத் தாயின் முகத்தைப் பார்த்தே முடிவுசெய்துகொள்வதை அறிந்த எந்தக் குழந்தை நல மருத்துவரும் இதை அனாவசியம் என்று ஒதுக்கமாட்டார்.

இதன் குறையும் இதன் பிறப்பிடத்திலேயே இருக்கிறது. காயம்பட்டோ கடும் நோயுற்றோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதால், திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது, பக்கத்து அறையில் சமூகப் பணியாளர் ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணம் பல பக்கங்களில் ஓடுகிறது. முகாமில் ஒரே கூரையின்கீழ் முந்நூறு பேருடன் படுத்து எழும் குடும்பத்துக்கு இதைப் பயன்படுத்தும்போது குடும்பப் படியில் பாதிக் கேள்விகளை நாமே மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். தளத்தின் பயிற்சிப் பாடங்களை அமைதியான நாட்களில் படித்து வைக்கலாமே தவிர, அவசரத்தில் திறந்து பார்ப்பது நடவாத காரியம். டி-இ-எஃப் அட்டையை மட்டும் அச்சிட்டு மேசைக் கண்ணாடியின்கீழ் வைத்துக்கொண்டால் போதும். மின்னணுக் கருவி ஒன்றைப் பற்றிய மதிப்பீட்டில் காகிதத்தைப் பரிந்துரைப்பது சற்று வேடிக்கைதான் என்றாலும், புயலில் முதலில் போவது மின்சாரமும் செல்பேசிக் கோபுரமும்தானே.

இரண்டாவது, உளவியல் முதலுதவிக்கான பி.எஃப்.ஏ. மொபைல். அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறையின் தேசிய அதிர்ச்சி அழுத்த மையமும் மேலே சொன்ன குழந்தை வலையமைப்பும் பிற கூட்டாளிகளும் சேர்ந்து 2012இல் வெளியிட்ட செயலி இது. அதே இரு நிறுவனங்கள் 2006இல் இரண்டாம் பதிப்பாகக் கொண்டுவந்த உளவியல் முதலுதவிக் களக் கையேட்டின் சுருக்கம் என்று இதைச் சொல்லலாம். அணுகிப் பேசுதல், பாதுகாப்பும் ஆறுதலும் தருதல், நிலைகுலைந்தவரை நிதானப்படுத்துதல், தகவல் திரட்டுதல், நடைமுறை உதவி, உற்றார் உறவினரோடு இணைத்தல், சமாளிக்கும் வழிகளைச் சொல்லுதல், அடுத்தகட்டச் சேவைகளிடம் ஒப்படைத்தல் என எட்டுச் செயல்கள் இதில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் சுருக்கமான விளக்கமும், அனுபவசாலிகள் சொல்லும் குறிப்புகளும், இந்தப் பணிக்கு நான் இப்போது தகுந்த மனநிலையில் இருக்கிறேனா என்று உதவி செய்பவர் தன்னையே சோதித்துக்கொள்ளும் பகுதியும் உண்டு. கடைசியாகச் சொன்ன பகுதியை வேறெந்தக் கருவியிலும் இவ்வளவு வெளிப்படையாகக் காண முடியவில்லை. உள்ளூர் மருத்துவரின் வீட்டிலும்தான் தண்ணீர் புகுந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் அருமை புரியும்.

அளவுகோலின்படி பார்த்தால் இந்தச் செயலியும் அதன் மூலக் கையேடும் வெகுவாகத் தேறுகின்றன, ஏனெனில் இரண்டும் வாக்கியங்களைக் கொடுக்கின்றன. குழந்தையிடம் பேசப் போகும்முன் பெற்றோரிடம் அனுமதி கேட்டு அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும்; குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிந்தோ உட்கார்ந்தோ பேச வேண்டும்; நடந்த கொடுமையை விவரமாகச் சொல்லும்படி தூண்டக் கூடாது என்று கையேடு தெளிவாகக் கூறுகிறது. பதறிப்போய் நிலைகொள்ளாமல் இருக்கும் பெரியவரிடம் கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்கள், காதில் விழும் ஐந்து ஒலிகள், உடலில் உணரும் ஐந்து தொடுகைகள் ஆகியவற்றைச் சொல்லச் சொல்லும் பயிற்சி, குழந்தைக்கு வரும்போது, நீ உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியும் ஐந்து நிறங்களைச் சொல் என்று எளிமையாகிவிடுகிறது. மருந்தில்லாமல், கருவியில்லாமல், காத்திருப்போர் வரிசையிலேயே ஒரு செவிலியர் செய்யக்கூடிய காரியம் இது. இழப்பில் இருப்பவரிடம் சொல்லக் கூடாதவை பட்டியலில், உங்கள் மனநிலை எனக்குத் தெரிகிறது, ஒருவகையில் இதுவும் நல்லதுக்குத்தான், அவர் இப்போது நிம்மதியாக இருப்பார் என்பன போன்ற ஆறுதல்கள் இடம்பெறுகின்றன. நம் துக்க வீடுகளில் நாம் மனப்பாடமாக ஒப்பிக்கும் வாக்கியங்களே ஏறத்தாழ அனைத்தும் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பார்க்கும்போது, தடை செய்யப்பட்டவை போக நமக்குச் சொல்ல என்ன மிஞ்சுகிறது என்ற ஐயம் எழலாம். கையேடு காட்டும் வழி எளியது: உடன் இருப்பது, கேட்பது, இறந்தவரைப் பெயர் சொல்லிப் பேசுவது.

களக் கையேட்டின் பின்னிணைப்பாக இருக்கும் பெற்றோருக்கான வயதுவாரித் தாள்களை நான் செயலியைவிடவும் உயர்ந்த இடத்தில் வைப்பேன். கைக்குழந்தை, பள்ளி செல்லாச் சிறார், பள்ளிச் சிறார், வளரிளம் பருவத்தினர் எனப் பிரித்து, ஒவ்வொரு பருவத்திலும் என்ன நடத்தை வரும், பெற்றோர் எப்படிப் பதிலளிக்கலாம், எந்தச் சொற்களில் சொல்லலாம் என மூன்று பத்திகளில் தருகின்றன. நடந்ததற்குத் தானே காரணம் என்று ரகசியமாக நம்பிக்கொண்டிருக்கும் பத்து வயதுப் பிள்ளையைப் பற்றியும், தன் பயத்தை வெளியே காட்டினால் அசிங்கம் என்று கோபமாக மாற்றிக் கொட்டும் பதினைந்து வயதுப் பிள்ளையைப் பற்றியும் அவற்றில் உள்ள வரிகள், அந்தப் பிள்ளைகளைப் பார்த்தவர்களால் மட்டுமே எழுதக்கூடியவை. மருந்துச் சீட்டோடு சேர்த்து ஒரு தாளாகக் கொடுக்கத் தக்கவை.

ஹெல்ப் கிட்ஸ் கோப் என்ற செயலி இந்தத் தாள்களின் தம்பி என்று சொல்லலாம். அதே வலையமைப்பு பெற்றோருக்காக உருவாக்கியது. சூறாவளி, நிலநடுக்கம், காட்டுத்தீ என ஒவ்வொரு பேரிடரையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் எப்படித் தயாராவது, நடக்கும்போது என்ன செய்வது, முடிந்தபின் எப்படி மீள்வது என்று வழிகாட்டுகிறது. மூன்று வெவ்வேறு வயதுப் பிரிவினருக்கும் தனித்தனியாகப் பேச்சு மாதிரிகள் தருவது இதன் பலம். மருத்துவர் தானே பேச நேரமில்லாதபோது, பெற்றோரின் கையில் கொடுத்துவிட்டுப் போகக்கூடிய ஒரே செயலி இதுதான். ஆனால் தமிழில் இல்லை. ஆகவே நம் பக்கம் இது மருத்துவரும் ஆசிரியரும் படித்துத் தம் வாய்மொழியில் சொல்வதற்கே உதவும்.

அதைவிட ஆழமான ஒரு பொருத்தமின்மையும் உண்டு. பேரிடரை நினைவூட்டும் காட்சிகள், ஒலிகள், இடங்கள் ஆகியவற்றைக் குழந்தை எப்போதாவது எதிர்கொள்ளும், அப்போது இப்படிப் பேசித் தேற்றலாம் என்ற அடிப்படையில் இந்த வழிகாட்டிகளின் அறிவுரைகள் பெரும்பாலும் அமைந்துள்ளன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் 6,000-க்கும் மேற்பட்டோரை இழந்த நாகப்பட்டினம் மாவட்டத்தின் அக்கரைப்பேட்டை போன்ற மீனவக் குப்பத்தில், நினைவூட்டும் பொருள் கடலே. அது வாசலுக்கு எதிரே இரவும் பகலும் இரைந்துகொண்டிருக்கிறது. அப்பா அதில்தான் தொழிலுக்குப் போக வேண்டும். அங்கே தேவைப்படுவது, எப்போதாவது வரும் நினைவைச் சமாளிக்கும் உத்தியைவிட, கடலோடு மறுபடியும் படிப்படியாகப் பழகும் வழி. கரையில் தள்ளி நின்று பார்ப்பதிலிருந்து தொடங்கி அப்பாவின் படகைத் தொடுவது வரை கொண்டுசெல்லும் அந்தப் படிகளை இந்தச் செயலியில் தேடிப் பயனில்லை. இதைச் செயலியின் குற்றமாகச் சொல்லவில்லை. எந்தச் செயலியையும் நம் ஊருக்குக் கொண்டுவரும் மருத்துவர் எதைத் தன் கையிருப்பிலிருந்து சேர்க்க வேண்டியிருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் எம்.ஹெச்.கேப். செயலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மனநல வல்லுநர் அல்லாத மருத்துவர்களுக்காக 2016இல் இரண்டாம் பதிப்பாக வந்த வழிகாட்டியை மறு ஆண்டு செயலியாக்கினார்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டே கீழே இறங்கும் படிநிலை வரைபடங்கள் தெளிவானவை. குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினருக்கான தனிப் பகுதியும் தற்கொலை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளல் பற்றிய பகுதியும் சாதாரண நாட்களில் மிகவும் பயன்படும். நெருக்கடிக்கென்றே வேண்டிய கடும் மன அழுத்தம், இழப்புத் துயர் ஆகிய இரு பகுதிகள் மட்டும், உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் 2015இல் வெளியிட்ட மனிதாபிமான நெருக்கடிகளுக்கான தனிக் கையேட்டில்தான் இருக்கின்றன. ஆகவே செயலியை நிறுவியவர் அந்தக் கையேட்டின் கோப்பையும் இறக்கிக் கைப்பேசியில் வைத்துக்கொள்வது நல்லது. அந்நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில் ஒன்றைக் குழந்தை நல மருத்துவர்கள் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டும்: அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் குழந்தையின் பதற்றத்துக்கோ தூக்கமின்மைக்கோ பென்சோடயசெபின் வகைத் தூக்க, அமைதியூட்டும் மருந்துகளைத் தரக் கூடாது. பிள்ளை தூங்கவே மாட்டேன் என்கிறது, ஏதாவது மருந்து கொடுங்கள் என்று நள்ளிரவில் கெஞ்சும் பெற்றோருக்கு முன்னால் இந்த ஒரு வரி பல செயலிகளுக்குச் சமம்.

இனி, கேள்விகளுக்கு வரும் பதில்களை எண்ணாக்கித் தரும் மதிப்பெண் கருவிகளுக்கு வருவோம். மின்னணு வடிவில் செய்ய எளிதானவை இவைதான் என்பதால், எங்கே பேரிடர் நடந்தாலும் முதலில் வந்து இறங்குபவையும் இவையே. பிரிட்டிஷ் குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட எஸ்.டி.கியூ. வினாத்தாளை எடுத்துக்கொள்வோம். 25 கேள்விகள், உணர்வுச் சிக்கல், நடத்தை, மிகைச் செயல்பாடும் கவனமும், சக பிள்ளைகளோடு பழகுதல், பிறருக்கு உதவும் குணம் என ஐந்து பிரிவுகள், முதல் நான்கின் கூட்டுத்தொகை 40-க்கு. தமிழ் வடிவம் உண்டு, காகிதத்தில் இலாப நோக்கின்றிப் பயன்படுத்தக் கட்டணமில்லை. உரிமையாளரின் முன் அனுமதியின்றி இதை மின்னணு வடிவமாக மாற்றக் கூடாது என்ற நிபந்தனையைப் பலர் அறியாமல், இணையப் படிவமாகத் தட்டச்சு செய்து முகாம்தோறும் வாட்ஸ்அப்பில் அனுப்புவது நடக்கிறது. உரிமைச் சிக்கலைக்கூட ஒதுக்கி வைத்துவிடலாம், மருத்துவச் சிக்கல் அதைவிடப் பெரிது. வழக்கமான எஸ்.டி.கியூ. கடந்த ஆறு மாதங்களில் குழந்தை எப்படி இருந்தது என்று கேட்கிறது. வெள்ளம் வந்து இரண்டு வாரமே ஆன வீட்டில் அந்தக் கேள்விக்கு வரும் பதிலில் ஐந்தரை மாத அமைதியும் இரண்டு வாரக் கலக்கமும் கலந்திருக்கும். வருகிற எண் எதைக் குறிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இது பள்ளியில் ஆண்டுக்கொருமுறை பயன்படுத்த மிக நல்ல கருவி, பேரிடரின் முதல் வாரங்களுக்கு உரியதே அல்ல.

நார்வேயின் பெர்கன் நகரிலிருந்து இயங்கும் குழந்தைகளும் போரும் அறக்கட்டளை இலவசமாகத் தரும் கிரைஸ்-8 வினாத்தாள் இந்தக் குறையைத் தவிர்க்கிறது. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம், கடந்த ஏழு நாட்களில் அந்த நினைவு தானாக வந்து மோதியதா, அதைத் தவிர்க்க முயன்றாயா என்று எட்டே கேள்விகள் கேட்கிறது. 17 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவான பரிசோதனை தேவை என்று கொள்கிறார்கள். ஆனாலும் அதிர்ச்சிக்குப் பிந்தைய அழுத்த நோய் என்று கண்டறிவதற்கே அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலான பிள்ளைகள் பாதுகாப்பும் வழக்கமான நாளொழுங்கும் திரும்பியவுடன் தாமே தேறிவிடுவார்கள். ஆகையால் முதல் வாரத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிப்பெண் போடுவதைவிட, ஐந்தாம் ஆறாம் வாரத்தில், ஊடகங்களும் தன்னார்வலர்களும் கிளம்பிப் போனபின், இன்னும் தூங்காத பிள்ளை எது என்று கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்துவதே பொருத்தம்.

இந்த வகையில் நான் விதிவிலக்காக வைப்பது ஏ.எஸ்.கியூ. ஒன்றைத்தான். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் குழந்தைகள் அவசரப் பிரிவுகளில் சோதித்து 2012இல் வெளியிட்ட, தற்கொலை எண்ணத்தைக் கண்டறியும் நான்கு கேள்விகள் இவை. கேட்டு முடிக்கச் சுமார் 20 விநாடிகளே ஆகும். ஒன்றுக்கு ஆம் என்றாலும், இப்போது அந்த எண்ணம் இருக்கிறதா என்ற ஐந்தாம் கேள்வி வரும். முதல் ஆய்வில் ஆபத்திலிருந்த பிள்ளைகளில் 96.9 விழுக்காட்டினரை இது பிடித்துவிட்டது. இதை மற்ற மதிப்பெண் கருவிகளிலிருந்து பிரிப்பது, கேள்வியோடு நிற்காமல், ஆம் என்ற பதிலுக்குப் பின் யார் என்ன செய்ய வேண்டும் என்ற வழிமுறையையும், சுமார் கால் மணி நேரத்தில் செய்யத்தக்க பாதுகாப்பு மதிப்பீட்டையும் சேர்த்தே தருவதுதான். கொரோனாக் காலத்தில் இதன் தேவை கண்கூடாகியது: 2021 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் 12 முதல் 17 வயதுச் சிறுமியரின் தற்கொலை முயற்சி என ஐயுற்ற அவசரப் பிரிவு வருகைகள் 2019இன் அதே காலத்தைவிட 50.6 விழுக்காடு கூடியிருந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவுசெய்தது. நம் புறநோயாளிப் பிரிவுகளில் இதைப் பயன்படுத்தத் தடையாக இருப்பது தொழில்நுட்பம் அல்ல. பிள்ளையைத் தனியே வைத்துக் கேட்க வேண்டும் என்பது இதன் நிபந்தனை. அம்மாவையும் அத்தையையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்த ஓர் அறை வேண்டும்.

கேட்டாயிற்று, பிள்ளை ஆம் என்று சொல்லிவிட்டது. அடுத்து யாரை அழைப்பது? இந்தக் கேள்விக்கு நான் பார்த்தவற்றுள் மிகச் சிறந்த பதிலைத் தருவது, செயலி என்று சொல்ல முடியாத, 2004இல் தொடங்கிய எம்சிபேப் என்ற மாஸசூசெட்ஸ் மாநிலக் குழந்தை மனநல ஆலோசனைச் சேவை. அம்மாநிலத்தின் குழந்தை நல மருத்துவர் யாரும், நோயாளி எந்தக் காப்பீட்டில் இருந்தாலும், தொலைபேசியில் அழைக்கலாம். சுமார் 30 நிமிடத்துக்குள் குழந்தை மனநல மருத்துவர் ஒருவர் திருப்பி அழைத்து, இந்தக் குழந்தைக்கு இன்று என்ன செய்வது, எந்த மருந்து, எந்த அளவு, உடனே அனுப்ப வேண்டுமா, காத்திருக்கலாமா என்று பேசுவார். தேவைப்பட்டால் குழந்தையை ஒருமுறை நேரில் பார்ப்பார். உள்ளூரில் சிகிச்சையாளர் தேடித் தரும் பணியாளரும் உண்டு. செலவை அரசும் காப்பீட்டு நிறுவனங்களும் ஏற்கின்றன, மருத்துவர் ஒரு காசும் தருவதில்லை. குழந்தையைத் தெரிந்த மருத்துவரின் கையிலேயே சிகிச்சை தங்கிவிடுகிறது. முன்பின் தெரியாத வல்லுநரின் வாசலில் மாதக்கணக்கில் காத்திருக்கும் நிலை குறைகிறது.

இந்த மாதிரியைப் பின்பற்றி 2018 முதல் மத்திய நிதியுதவியோடு பிற மாநிலங்களிலும் இத்தகைய சேவைகள் பெருகின. 2021 அக்டோபரில் அமெரிக்கக் குழந்தை நல மருத்துவர் கழகமும் வேறு இரு அமைப்புகளும் குழந்தைகளின் மனநலத்தில் தேசிய அவசரநிலை என்று அறிவித்ததும், 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டி நகரத் தொடக்கப் பள்ளியில் 19 பிள்ளைகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அடுத்த மாதமே நிறைவேறிய சட்டத்தில் இச்சேவைகளுக்கு 8 கோடி டாலர் ஒதுக்கப்பட்டதும், நெருக்கடி வரும்போது எது உண்மையில் வேண்டியிருக்கிறது என்பதைச் சட்டம் இயற்றுபவர்களும் உணர்ந்ததற்கு அடையாளங்கள். 2019இல் வெளிவந்த நாடு தழுவிய ஓர் ஆய்வு, மாநிலம் முழுவதற்கும் இச்சேவை உள்ள இடங்களில் 12.3 விழுக்காட்டுப் பிள்ளைகளும் இல்லாத இடங்களில் 9.5 விழுக்காட்டினரும் மனநலச் சேவை பெற்றதாகக் கண்டது. வித்தியாசம் முழுவதும் தொலைபேசியால் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, வசதியுள்ள மாநிலங்களே முதலில் தொடங்கியிருக்கலாம். ஆனாலும் மற்றச் செயலிகளைப் பற்றி இந்த அளவுகூடச் சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை.

நம் நாட்டில் இதற்கு நெருங்கி வருவது டெலி மானஸ். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட இச்சேவை, பெங்களூருவிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் தலைமையில், 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. தமிழ்நாட்டில் நட்புடன் உங்களோடு என்ற பெயரில் அறிமுகமானது. முதல் அடுக்கில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுகிறார்கள், அவசியமானால் மனநல மருத்துவருக்கு மாற்றுகிறார்கள். இரண்டாம் அடுக்கு மாவட்ட மனநலத் திட்டத்தோடும் மருத்துவக் கல்லூரிகளோடும் இணைக்கிறது. 2024இல் செயலியும் காணொளி ஆலோசனையும் சேர்ந்தன. முகாமில் நின்றுகொண்டு ஒரு தாயின் கையில் எழுதிக் கொடுக்கத் தக்க எண் இது என்பதில் எனக்கு ஐயமில்லை. வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் பெற்றோருக்குத் தெரியாமல் தாமே அழைக்க முடியும் என்பது இன்னொரு வலிமை.

எனினும் இது பொதுமக்கள் அழைப்பதற்காக அமைந்த சேவை. குழந்தை நல மருத்துவர் ஒருவர் அழைத்து, என் எதிரே எட்டு வயதுப் பெண் மூன்று வாரமாகப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள், எடை குறைந்துகொண்டே போகிறது என்று சொன்னால், அரை மணி நேரத்தில் குழந்தை மனநலத்தில் தனிப்பயிற்சி பெற்ற சக மருத்துவர் ஒருவர் திருப்பி அழைப்பார் என்ற உறுதியை மையமாக வைத்து இது வடிவமைக்கப்படவில்லை. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு இருக்கும் நாட்டில், அத்தனை பேரையும் பார்க்கும் அளவுக்குக் குழந்தை மனநல மருத்துவர்கள் ஒருநாளும் வரப்போவதில்லை. இருக்கும் சிலரின் நேரத்தை ஒரு குழந்தைக்கு ஒரு மணி என்று செலவழிப்பதைவிட, ஒரு மருத்துவருக்குப் பத்து நிமிடம் என்று பங்கிடுவதே சிக்கனம். சுகாதார மையத்திலிருந்து மருத்துவரை இணைக்கும் அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி ஏற்கெனவே இயங்குவதால், புதிதாகத் தொழில்நுட்பம் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 14416-க்குள்ளேயே மருத்துவர்களுக்கென ஒரு தனி வரிசையும், திருப்பி அழைப்பதற்கான கால வரம்பும் வேண்டும், அவ்வளவே.

தகவல் பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பி.எஃப்.ஏ. மொபைல் செயலியில் உயிர் தப்பியவர்களின் தேவைகளைக் குறித்துக்கொள்ளும் படிவம் ஒன்று உண்டு. முகாமில் அதை நிரப்பும்போது குழந்தையின் பெயருக்குப் பதிலாக முகாம் பதிவு எண்ணை எழுதுவதும், பணி முடிந்தவுடன் அழித்துவிடுவதும் அவசியம், ஏனெனில் அந்தக் கைப்பேசி யார் கைக்கு மாறும் என்று சொல்ல முடியாது. 2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தைகளாகக் கொண்டு, அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது. பெற்றோரை இழந்த, அல்லது இன்னும் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளையின் விஷயத்தில் தன்னார்வலர் ஒருவர் தன் கைப்பேசிப் படிவத்தில் பதிவு செய்வதற்கு முன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் பேசிவிடுவதே முறை. உரையாடு மென்பொருள்கள், மாதச் சந்தா கேட்கும் ஆலோசனைச் செயலிகள் ஆகியவற்றை நான் இந்த மதிப்பீட்டில் சேர்க்காமல் விட்டதற்கும் இதுவே முதற்காரணம். பயனர்களின் மனநலத் தகவலை விளம்பர நிறுவனங்களுடன் பகிர்ந்த குற்றச்சாட்டில், இணையவழி ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் 78 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2023இல் உத்தரவிட்டது. முகாமில் பயந்து நிற்கும் பிள்ளையின் கையில் அத்தகைய ஒன்றைத் திறந்து கொடுக்க எந்தக் குழந்தை நல மருத்துவருக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.